‘இந்த வாரம் வராதீங்க’: காவேரிப்பட்டணம் ரோட்டு மாம்பழக் கடை

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறேகாலுக்கு வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. “எல்லாருக்கும் வணக்கமுங்க. நேத்து ராத்திரி நல்ல மழை. காயில தண்ணி ஏறியிருக்கும், இப்பப் பறிச்சா சப்புன்னு இருக்கும். இந்த வாரம் யாரும் வராதீங்க. வெள்ளிக்கிழமை சொல்றேன்.” அவ்வளவுதான். பின்னாலேயே ஒரு நாய் குரைக்கும் சத்தம்.

எனக்குத் தையல் கடை. காவேரிப்பட்டணத்தில் பதினான்கு வருஷமாக ஜாக்கெட்டும் சுடிதாரும் தைக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடமும் “வராதீங்க” என்று நான் சொன்னது கிடையாது. சொல்ல வாயும் வராது. சீசனே மொத்தம் மூன்று மாதம்தான், அதில் ஒரு வாரத்தை ஒரு மாம்பழக்காரர் இப்படித் தூக்கிப் போடுகிறார். ஆனாலும் அவர் கடையில் பழம் மிஞ்சி நான் பார்த்ததில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கடை காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி போகிற வழியில், ஒரு புளியமரத்தடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கொட்டகை, முன்னால் ஒரு கல் பெஞ்சு, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர். பின்னாலேயே அவருடைய தோப்பு. நம் மாவட்டத்தில் மே மாதம் ரோட்டோரம் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மாம்பழக் கடைதான், இதில் இந்தக் கடையை யாரும் தேடி வர வேண்டிய அவசியமே இல்லை. நான் முதல்முறை போனதும் வண்டி பஞ்சராகி நின்றதால்தான். ஆறு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு மூன்று கிலோ செந்தூரா கேட்டேன். எடை போடுவதற்கு முன்னால் காய்களை அந்தத் தொட்டியில் கொட்டினார். கழுவுகிறார் என்று நினைத்தேன். ஏழெட்டுக் காய் மிதந்தது, மற்றதெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மிதந்ததைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டுவிட்டு, “இதெல்லாம் முத்தலைங்க. பழுக்கும், ஆனா ருசி இருக்காது. ஊறுகாய்க்குப் போயிரும்” என்றார். பிறகு ஒரு காயை எடுத்துக் காம்புப் பக்கம் காட்டினார். முற்றிய காய்க்குக் காம்பின் இரண்டு பக்கமும் தோள் மாதிரி மேலே எழும்பி, காம்பு குழிக்குள் இருக்கும். இளங்காய்க்குத் தோள் சரிந்து கிடக்கும். தையல்காரிக்குத் தோள் என்றதும் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இப்போது எந்தக் கடையில் மாம்பழம் வாங்கினாலும் முதலில் தோளைத்தான் பார்க்கிறேன்.

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் முக்கியம். “எப்பச் சாப்பிடப் போறீங்க?”

யாராவது பழக்கடையில் இப்படிக் கேட்டிருக்கிறார்களா? ஞாயிற்றுக்கிழமை தம்பி குடும்பம் வருகிறது என்றேன். அன்றைக்கு வியாழன். வைக்கோல் அறைக்குள் போய், பாதி பழுத்ததில் பத்தும் இன்னும் பச்சை மாறாததில் பத்தும் எடுத்துவந்து, அட்டைப்பெட்டிக்குள் வைக்கோல் போட்டு அடுக்கி, ஒரு பக்கம் மார்க்கரால் ‘ஞாயிறு’, மறுபக்கம் ‘புதன்’ என்று எழுதிக் கொடுத்தார். ஞாயிறு என்று எழுதிய பக்கம் ஞாயிற்றுக்கிழமைதான் மணத்தது. புதனும் அப்படியே.

கல் வைத்த பழத்தில் இதெல்லாம் நடக்காது. கார்பைடு கல்லைப் பொட்டலம் கட்டிப் பெட்டிக்குள் வைத்தால், அதில் ஈரம் பட்டு அசிட்டிலீன் வாயு வரும். தோல் சீக்கிரமாக, பெட்டி முழுக்க ஒரே சீராக மஞ்சளாகிவிடும். உள்ளே புளிப்பு, மணமே இருக்காது. கல்லில் ஆர்செனிக் கலந்திருக்கலாம் என்பதால் சட்டப்படியும் அதற்குத் தடை. எத்திலீன் வாயுவை மட்டும் அளவோடு, 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு) வரை, பயன்படுத்த அனுமதி உண்டு. இவரிடம் இரண்டும் கிடையாது, வைக்கோல்தான். அதனால் சில பெட்டி சீக்கிரம் பழுக்கும், சில பெட்டி மக்கர் பண்ணும். ஒரே மாதிரி பளபளவென்று மஞ்சளாகப் பழம் வேண்டும் என்பவர்கள் இந்தக் கடைக்குப் போக வேண்டாம்.

கிளம்பும்போது என் நம்பரை அவர் வாங்கவில்லை. தன் நம்பரைச் சொல்லி, என் போனில் சேமிக்கச் சொன்னார். “என்ன பேர் போட்டீங்க, காட்டுங்க” என்று எட்டிப் பார்த்தார். ‘மாங்கா அண்ணா’ என்று போட்டிருந்தேன். சிரித்துவிட்டு, “அதுலயிருந்து எனக்கு ஒரு வணக்கம் அனுப்புங்க” என்றார். எதற்கு இந்தச் சுற்று என்று பிறகுதான் புரிந்தது. வாட்ஸப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு, அதாவது ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாகப் போகிற மாதிரி அனுப்பினால், நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். ஒரு லிஸ்டில் 256 பேர் வரைக்கும்தான். அவரிடம் மூன்று லிஸ்ட் இருக்கிறது: பெங்களூர், ஓசூர், நம்மூர். குரூப்பாகவே ஆரம்பித்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். “குரூப்னா ஒருத்தர் பூ படம் போடுவாரு, ஒருத்தர் கட்சி வீடியோ போடுவாரு, மூணாம் நாள் எல்லாரும் சத்தத்தை நிறுத்தி வச்சிருவாங்க. அப்புறம் பழம் இறங்கினது யாருக்குத் தெரியும்?” என்றார். நான் நடத்திய ‘லேடீஸ் டைலரிங் நியூ டிசைன்ஸ்’ குரூப்பின் கதை இதேதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் அனுப்புவது வாரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு. சீசன் முடிந்தால் இன்னும் குறைவு, ஆனால் முழுக்க நிற்காது. தை மாதம் மரம் பூத்திருக்கும் படம் ஒன்று வரும். மாசியில் பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்த படம். பங்குனியில் காற்றடித்துக் காய் உதிர்ந்து தரையெல்லாம் கிடக்கும் படம், கீழே “ஊறுகாய்க்கு வேணும்கறவங்க சாக்கு எடுத்துட்டு வாங்க, கிலோ பத்து ரூபாய்.” சித்திரை பிறக்கும்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அந்தத் தோப்பின் நிலவரம் அத்துப்படி. என் மாமியார் கோயிலுக்குப் போகிற வழியில், “இந்த வருஷம் மல்கோவா கம்மியாம்” என்று பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு போகிறார், ஏதோ எங்கள் சொந்தத் தோப்பு மாதிரி. மல்கோவா எப்போதுமே கை கொடுக்காத ரகம்தான், ஒரு வருஷம் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும். அதனால் அவரிடம் விலையும் அப்படி. போன சீசனில் கிலோ 180 கொடுத்தேன், செந்தூரா 70க்கு.

அவர் தோப்பில் பாதிக்கு மேல் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. அது வருஷா வருஷம் தவறாமல் காய்க்கும், கூழ் ஆலைக்குத்தான் போகும். 2025 சீசனில் அதற்குக் கிலோ நாலைந்து ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் எத்தனையோ பேர் காயை மரத்திலேயே விட்டார்கள். இவரும் ஒரு பகுதியை விட்டார். அந்த வாரப் பதிவு நினைவிருக்கிறது: “பெங்களூரா பழுத்தா நல்லாத்தான் இருக்கும், ஆலைக்குத்தான்னு நாமளே ஒதுக்கிட்டோம். பெட்டிக்கு மேல ரெண்டு சும்மா வைக்கிறேன், தின்னுட்டுச் சொல்லுங்க.” அடுத்த வாரம் ஓசூர்க்காரர்கள் சிலர் அதையே பெட்டியாகக் கேட்டு வாங்கினார்கள். ஆலை எடுக்கிற டன் கணக்குக்கு முன்னால் அது ஒரு மூலைக்குக் காணாதுதான். இருந்தாலும் கிலோ 25க்குப் போனது.

இனி அவர் வாடிக்கையாளர்களுக்காக வைத்திருக்கும் நோட்டு. நீலக்கலர் அட்டை போட்ட கணக்கு நோட்டு, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். என் பக்கத்தை ஒருமுறை தலைகீழாகப் படித்துவிட்டேன். ‘டைலரம்மா. செந்தூரா 5. மல்கோவா 2 (மாமியாருக்கு). வீட்டுக்காரருக்குச் சுகர், சின்னப் பழம். ஆனி 2வது வாரம் தம்பி ஊர்லருந்து வருவார்.’ கீழே, வேறு பேனாவில், ‘நீலம் – வண்டு. 2 பெட்டி. திருப்பியாச்சு.’

அந்தக் கடைசி வரியைச் சொல்லாமல் விட்டால் இது முழு விமர்சனம் ஆகாது. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தாம்பூலப் பையில் ஆளுக்கொரு நீலம் பழம் போடலாம் என்று இரண்டு பெட்டி வாங்கினேன். மேலே ஒரு புள்ளி இல்லை, மணமோ தெருவுக்கே வீசியது. சாயங்காலமே சம்பந்தி வீட்டிலிருந்து போன். அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கருப்பாக வண்டு நடந்து வருகிறதாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் வாதாடவில்லை. “நீலத்துல இது இருக்கும்” என்று சமாளிக்கவும் இல்லை, அப்படிச் சொல்லியிருந்தால் அது உண்மையாகவே இருந்திருக்கும். பிஞ்சாக இருக்கும்போதே வண்டு தோலில் முட்டை வைத்துவிடும், புழு உள்ளே போன தடம் காய் வளர வளர மூடிக்கொள்ளும், வெளியே எதுவும் தெரியாது. இதெல்லாம் நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு அவர் செய்தது, கொட்டகையில் இருந்த நீலத்தில் நான்கை எடுத்து, நின்றுகொண்டிருந்த எல்லோர் முன்னாலும் கொட்டையோடு சேர்த்து அரிவாளால் பிளந்ததுதான். மூன்றில் வண்டு.

அங்கேயே நின்று போனை எடுத்துப் பேசினார். “இந்த வாரம் நீலம் வாங்கினவங்க அறுத்துப் பாருங்க. வண்டு இருந்தா கொட்டையை மட்டும் கொண்டாங்க, காசு தந்துர்றேன். இனிமே இந்த வருஷம் நீலம் கிடையாது.” சனிக்கிழமை நான் பணம் வாங்கப் போனபோது கொட்டைப் பையோடு வரிசையில் பதினொரு பேர். நான் எண்ணினேன். ஒருவர் கொண்டுவந்த கொட்டைகளைப் பார்த்தாலே தெரிந்தது, அதில் வண்டு இருந்த அறிகுறியே இல்லை. அவருக்கும் எண்ணிக் கொடுத்தார். நான் முறைத்ததைப் பார்த்துவிட்டு, “கொட்டையை உடைச்சுக்கிட்டா உக்காந்திருக்க முடியும், விடுங்க டைலரம்மா” என்றார். அந்த ஆள் இப்போதும் வருகிறார், வந்தால் மல்கோவாதான் வாங்குகிறார்.

அந்தப் பெஞ்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழம் எடுத்து அடுக்க நேரமாகும், அதுவரை எல்லோரும் அதில்தான். ஓசூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் முறை வைத்து ஒரே காரில் வந்து ஐந்தாறு வீட்டுக்கு வாங்கிப் போகிறார்கள், அவர்களும் ஒருவருக்கொருவர் பழக்கமானது இங்கேதான். எனக்கே இந்தப் பெஞ்சில் நான்கு வாடிக்கையாளர்கள் கிடைத்திருக்கிறார்கள். அதில் ஒரு டீச்சர், மாம்பழம் வாங்க வரும்போது ஜாக்கெட் துணியையும் எடுத்து வந்துவிடுவார்.

சரி, குறைகள். போன் எடுக்க மாட்டார், பதிவு அனுப்புவதோடு சரி. பகல் பன்னிரண்டுக்கு மேல் போனால் கொட்டகையில் நாய் மட்டும் இருக்கும். கார் நிறுத்த இடமில்லை, பெரிய வண்டிகள் வேகமாக வருகிற ரோடு, குழந்தைகளோடு போகிறவர்கள் கவனம். சென்னைக்கு என் பெரியம்மாவுக்குப் பஸ் பார்சலில் அனுப்பச் சொன்ன பெட்டி கூழாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பணம் தந்தார், ஆனால் வெளியூருக்கு அனுப்புவதை அதோடு நிறுத்தியும் விட்டார்.

என் பெரிய வருத்தம் வேறு. பழைய ஆட்களுக்கே எல்லாம் போய்விடுகிறது. போன வருஷம் திருப்பத்தூரிலிருந்து ஒரு தம்பதி, சின்னப் பெண் குழந்தையோடு பைக்கில் வந்தார்கள். “தீந்து போச்சுங்க” என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பேர் எழுதிய நான்கு பெட்டிகள் இருந்தன, ஒன்று என்னுடையது. அந்தக் குழந்தை பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் என் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், இரண்டு பழம் எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை. பிறகு அவரிடம், “புதுசா வர்றவங்க பழைய ஆளாகறது எப்படிண்ணா?” என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. இந்த வருஷம் ஒரு கிரேட்டின் மேல் ‘புது ஆளு’ என்று எழுதி வைத்திருக்கிறார். நான் கேட்டதால்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. எட்டரைக்குள் அதுவும் காலியாகிவிடுகிறது.

அவரைப் பார்த்து நானும் ஒரு நோட்டுப் போட்டேன். யாருக்குக் கை இறுக்கமாக வேண்டும், யார் வீட்டில் எப்போது கல்யாணம் என்றெல்லாம். இரண்டு மாதம் ஓடியது, அப்புறம் அது அளவு எழுதும் நோட்டாகிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள் தைக்கப் புதிதாகத் துணி வாங்கிக்கொள்வதில்லை என்று மட்டும் பயந்து பயந்து எல்லோருக்கும் சொன்னேன். மூன்று பேர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார்கள். மற்றவர்கள் புரட்டாசியிலேயே துணியைக் கொண்டுவந்து போட்டார்கள்.

இதை எழுதி முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமைப் பதிவு வந்துவிட்டது. “மழை விட்டுருச்சு. பங்கனப்பள்ளி நாளைக்கு இறங்குது. பழைய அட்டைப்பெட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, பெட்டிக்கு இருபது ரூபாய் கழிச்சுக்கறேன்.” எங்கள் பரணில் மூன்று பெட்டி இருக்கிறது. ஒன்றில் இன்னும் ‘புதன்’ அழியவில்லை.