கோத்தகிரி மூடுபனியும் என் டிஎஸ்எல்ஆரும்

புதிதாக டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்கியவரிடம் எல்லோரும் சொல்வது, "முதல்ல மேனுவல் மோடுக்குப் போங்க", அதாவது எல்லாவற்றையும் நீங்களே கையால் வையுங்கள் என்று. கோத்தகிரியில் சில வருடங்களாகக் கேனன் 1500டி வைத்திருக்கிற என்னைக் கேட்டால், அதற்கு ஒன்றும் அவசரமில்லை. லென்ஸ் திறப்பை மட்டும் நாம் வைத்து, ஷட்டர் வேகத்தைக் கேமராவிடம் விடுகிற ஏவி மோடிலேயே இருந்துகொண்டு, பின்பக்கம் 'ஏவி +/-' என்று ஒரு பட்டன் இருக்கிறதே, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற அதைப் பழகுங்கள். மலையில் பாதிப் படங்களைக் காப்பாற்றுவது அதுதான்.

எதிரே இருப்பது பனியா பாறையா என்று கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்குத் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். அதனால்தான் தேயிலைத் தோட்டத்தில் வெள்ளையாக இறங்குகிற மூடுபனி, படத்தில் அழுக்கு வேட்டி நிறத்தில் விழுகிறது. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு டயலை +1 வரை திருப்புங்கள், வெள்ளை திரும்பிவிடும். குன்னூர் ஸ்டேஷனில் எஞ்சின் விடும் நீராவி படத்தை நிறைத்தாலும் இதே கணக்குதான். கருமந்திக்கு நேர் எதிர்: அது ஃபிரேமை அடைத்து உட்கார்ந்தால் -1 வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் மந்தி ஆகிவிடும்.

திரையை நம்பாதீர்கள். விடியற்காலை இருட்டில் எந்தப் படமும் அதில் பளிச்சென்றுதான் தெரியும். ஹிஸ்டோகிராமைப் பாருங்கள்: இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டுகிற வரைபடம் அது. மூடுபனிப் படத்தில் மேடு நடுவிலேயே நின்றால் இன்னும் கூட்டலாம். வலது ஓரத்தில் முட்டினால் குறைக்க வேண்டும்.

கேமராவோடு கூட வருகிற 18-55 எம்எம் ஜூம் லென்ஸ் வெயிலுக்குப் போதும். சோலைக்குள் திணறும், 55-இல் அதன் திறப்பு அதிகபட்சம் எஃப் 5.6 தான் (இந்த எண் சிறிதானால் திறப்பு பெரிது). அப்புறம் வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஆனால் இந்தச் சென்சாரில் அது 80 எம்எம் மாதிரி நெருக்கிக் காட்டும். வீட்டுக்குள் நாலு பேரைச் சேர்த்து எடுக்க இடம் பத்தாது.

இங்கே உண்மையான எதிரி ஈரப்பதம்தான். பையிலேயே போட்டு வைத்தால் மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய டிரை கேபினெட் அலமாரி எல்லாம் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவும் நீல நிற சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள், ஜெல்லில் கோபால்ட் இருக்கிறது.