டீப் ஃப்ரீசரா, அந்துருண்டையா? பாடம் செய்த பழைய விலங்குகளைக் காப்பாற்றும் வழிகள்

பாடம் செய்த பழைய மானோ கழுகோ கைக்கு வந்தால், மங்கிய நிறத்தை எப்படி மீட்பது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கும் முன்னால் ஒரு எச்சரிக்கை. 1980-களுக்கு முன் பாடம் செய்த எதிலும் ஆர்செனிக் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகர மருந்தாளர் ழான் பாப்டிஸ்ட் பெக்கூர் உருவாக்கிய ஆர்செனிக் சோப்பு அத்தனை காலம் புழக்கத்தில் இருந்தது. கண்ணோரத்திலும் தையலிலும் வெள்ளைப் பொடி தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். தெரியாவிட்டால் விஷம் இல்லை என்று அர்த்தமில்லை. நைட்ரைல் கையுறை, முகக்கவசம் இரண்டும் இல்லாமல் தொட வேண்டாம். வாயால் ஊதித் தூசி தட்டும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

விஷம் இருந்தால் பூச்சி எப்படி வரும் என்று கேட்கலாம். சோப்பைத் தடவியது தோலின் உட்புறத்தில். வெளியே நிற்கும் உரோமத்துக்கும் இறகுக்கும் அந்தப் பாதுகாப்பு முழுமையாகப் போய்ச் சேராது. அந்துப்பூச்சியின் புழுவும் கம்பள வண்டின் புழுவும் மேய்வது அங்கேதான். இந்த வண்டுகளின் நெருங்கிய சொந்தமான தோல் வண்டுகளை அருங்காட்சியகங்களே வேலைக்கு வைத்திருக்கின்றன என்பது வேடிக்கை. எலும்புக்கூட்டிலிருந்து சதையை அவை சுத்தமாகத் தின்று தந்துவிடும். பாடம் செய்த உருவங்கள் இருக்கும் பக்கம் மட்டும் அவற்றை அண்டவிடுவதில்லை.

பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, உருவத்தின் அடியில் வெள்ளைத்தாளை விரித்துச் சில நாள் அசைக்காமல் விடுங்கள். தாளில் மணல்போன்ற எச்சமோ, புழு உரித்துப்போட்ட சட்டையோ புதிதாக விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். உரோமம் அடியோடு கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தாலும் பூச்சியைச் சந்தேகிக்கலாம். இனி எந்த வழி என்று பார்ப்போம்.

என் ஓட்டு டீப் ஃப்ரீசருக்கு. மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள்; வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 என்றால் இரண்டு வாரம். உருவத்தைப் பாலித்தீன் உறையில் இட்டு, முடிந்தவரை காற்றை வெளியேற்றி, டேப் ஒட்டி அடைத்து, ஏற்கெனவே நன்றாகக் குளிர்ந்திருக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும். மெதுவாகக் குளிர்ந்தால் பூச்சி அதற்குப் பழகிவிடும். வெளியே எடுத்ததும் ஆவலில் உறையைப் பிரித்துவிடாதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். அறைக்காற்றின் ஈரம் உறையின் மேல் முத்து முத்தாகக் கோத்து வடிந்துவிடும். அவசரப்பட்டுப் பிரித்தால் அதே நீர் தோலின் மேல் படியும். இந்த முறையில் ரசாயன மிச்சம் கிடையாது, முட்டையும் சாகும். ஆனால் திரும்ப வரும் பூச்சியை இது தடுக்காது. காட்டெருமை எந்தப் பெட்டிக்குள்ளும் நுழையாது.

பெரிய உருவத்துக்கும், மூக்கும் உதடும் மெழுகில் செய்யப்பட்ட நலிந்த உருவத்துக்கும் ஆக்சிஜனை நீக்கும் முறை நல்லது. காற்று புகாத சிறப்புப் படலத்தால் கூடாரம்போல் மூடி, ஆக்சிஜன் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டோ நைட்ரஜனைச் செலுத்தியோ உள்ளிருக்கும் ஆக்சிஜனை அரை சதவீதத்துக்கும் கீழே இறக்குவார்கள். 25 டிகிரி வெப்பத்தில் மூன்று வாரமாவது அப்படியே இருக்க வேண்டும். அறை குளிராக இருந்தால் இன்னும் கூடும். சாதாரண பாலித்தீன் இதற்கு உதவாது, ஆக்சிஜன் அதன் வழியே கசிந்துவிடும். ஊசித்துளை ஒன்று போதும், மூன்று வாரமும் வீண். ஆக்சிஜன் அளவைக் காட்டும் வில்லை உள்ளே இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

சூடேற்றுவதும் பலிக்கும், 55 டிகிரியில் பூச்சி சில மணி நேரத்தில் செத்துவிடும். ஆனால் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தனி அறை வேண்டும். இல்லாவிட்டால் தோல் சுருங்கித் தையல் பிரியும், மெழுகு இளகும். வெயிலில் காயவைப்பதை இதன் மலிவுப் பதிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் நிறமும் சேர்ந்து போகும்.

அந்துருண்டை? வேண்டாம். இறுக மூடிய பெட்டியில் ஆவி நிறைந்து நின்றால்தான் அது வேலை செய்யும். காற்றாடும் கண்ணாடி அலமாரியில் மூலைக்கு இரண்டு போட்டுவைப்பது மனத் திருப்திக்குத்தான். அந்த ஆவி மனிதருக்கும் நல்லதல்ல.

பூச்சி ஒழிந்த பிறகு விரிசல். எப்பாக்ஸி புட்டியா (காய்ந்ததும் கல்லாக இறுகும் பிசின் பசை), ஜப்பானியக் காகிதமா (நீண்ட நார்களால் ஆன மெல்லிய தாள்)? புட்டி சீக்கிரம் முடியும், கெட்டியாக நிற்கும். அந்தக் கெட்டிதான் தொல்லை. காற்றின் ஈரத்துக்கு ஏற்பத் தோல் விரிந்து சுருங்கும், புட்டி அசையாது. அடுத்த விரிசல் புட்டியின் ஓரத்திலேயே விழும். ஜப்பானியக் காகிதத்தைக் கையால் கிழித்து, அதன் நார் நுனிகள் தோலோடு கலக்கும்படி ஒட்டி, காய்ந்ததும் வண்ணம் பூசினால் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. வேண்டாமென்றால் பிரித்தும் எடுக்கலாம். ஒட்டு எப்போதும் தோலைவிடப் பலம் குறைந்ததாக இருக்கட்டும். இழுவிசை வந்தால் ஒட்டு விட்டுப்போகும், தோல் தப்பிக்கும்.

இப்போது நிறத்துக்கு வரலாம். தலைமுடிச் சாயம் போடலாமா என்று கேட்கிறார்கள். அதைப் போட உரோமத்தை ஈரமாக்கி அலச வேண்டும். பழைய தோல் அதைத் தாங்காது. ஏறிய சாயமும் திரும்ப வராது. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2012-இல் வட அமெரிக்கப் பாலூட்டிகள் கூடத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது, ஆரசால் என்ற, உலோக அணுவோடு பிணைந்த சாயத்தை எத்தனாலில் கரைத்து, ஏர்பிரஷ்ஷால் மெல்லத் தூவி, மங்கிய உரோமத்துக்கு நிறமூட்டியிருந்தார்கள். எத்தனால் சட்டென்று ஆவியாகிவிடுவதால் தோல் நனைவதில்லை. எனக்குத் தெரிந்து பாலூட்டிகளுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனாலும் ஒளி 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜன்னலோரத்தில் வைத்தால் இந்தச் சாயமும் வெளுக்கும்.

பறவைகள் கதை வேறு. மயில் கழுத்தின் நீலமும் மீன்கொத்தி முதுகின் நீலமும் சாயத்தால் வந்தவை அல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுபவை. அதன்மேல் நீலச்சாயம் தூவினால் மினுக்கம் செத்துவிடும். பெரும்பாலும் அங்கே படிந்திருப்பது வெறும் அழுக்குதான். நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரின் வாயில் வலைத்துணியைக் கட்டி, மென்தூரிகையால் இறகு படிந்திருக்கும் திசையிலேயே தூசியை அதன் பக்கம் தள்ளிவிட்டு, அப்புறம் எத்தனாலும் நீரும் கலந்த பஞ்சால் லேசாக ஒற்றி எடுத்தாலே நீலம் எழுந்துவரும்.

காலில் சீட்டுக் கட்டிய ஆய்வு மாதிரியாக இருந்தால் இதில் பாதிகூடத் தேவையில்லை. பூச்சியை ஒழித்து, தூசியை எடுத்து, அத்தோடு நிறுத்துங்கள். எங்கே, எப்போது பிடித்தது என்ற விவரம் சீட்டில்தான் இருக்கிறது. அதை அவிழ்க்காமல், பஞ்சு படாமல் ஒதுக்கிவைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.