மருந்து ஒவ்வாமைக்கு 'முழு அலர்ஜி பேக்கேஜ்': பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் நகரில் உள்ள ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடம் 'முழு அலர்ஜி பேக்கேஜ்' என்ற பெயரில் விற்கும் பரிசோதனையை நம்பியதால் என் தம்பி பட்ட பாடு வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வயிற்றுப்போக்குக்காக, மருத்துவர் சீட்டு எதுவும் கேட்காமல் மருந்துக் கடையில் கொடுத்த ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரையைச் சாப்பிட்ட பின், அவனுடைய கீழுதட்டிலும் வலது மணிக்கட்டிலும் வட்டமான கருஞ்சிவப்புத் தடிப்புகள் தோன்றி, எரிச்சல் அடங்கியதும் கருந்திட்டுகளாக நின்றுவிட்டன. மாத்திரைதான் காரணமா என்று அந்தக் கூடத்தில் கேட்டபோது, ஒரே குழாய் ரத்தத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் வாங்கினார்கள். அறிக்கையில் இறால், நிலக்கடலை, கரப்பான் பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்கான ஐஜிஇ (சில வகை ஒவ்வாமைகளோடு தொடர்புடைய ஒரு ரத்தப் புரதம்) அளவுகளும் மொத்த ஐஜிஇ அளவும் இருந்தன. அவன் சாப்பிட்ட மருந்தின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆனாலும் அங்கிருந்த ஆலோசகர், மொத்த அளவு இயல்பாக இருப்பதால் மருந்து ஒவ்வாமைக்கு இடமே இல்லை என்றும், அதே மாத்திரையைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை வயிறு கெட்டபோது சாப்பிட்டான். சில மணி நேரத்துக்குள் அதே உதட்டில், அதே மணிக்கட்டில் கொப்புளத்தோடு தடிப்பு எழுந்தது. தொடையில் புதிதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது.

தோல் மருத்துவர் திட்டுகளைப் பார்த்ததுமே இது 'ஃபிக்சட் டிரக் எரப்ஷன்', அதாவது ஒரு மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் தோலில் அதே இடத்தில் எழும் தடிப்பு, என்றார். ஐஜிஇ என்பது மாஸ்ட் செல்கள் எனும் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டி, தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமினை வெளியேற்றும் எதிர்ப்புரதம். பெனிசிலின் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள் உடலெங்கும் தடித்து மூச்சு திணறுவது பெரும்பாலும் அந்த வழியில் நிகழ்வது. தம்பிக்கு நேர்ந்ததில் ஐஜிஇக்கு வேலையே இல்லை. முதல் முறை தாக்கிய சிடி8 வகை டி செல்களில் (பிற செல்களைக் கொல்லவல்ல வெள்ளணுக்கள்) ஒரு பகுதி, புண் ஆறிய பிறகும் அந்த இடத்தின் மேல்தோலிலேயே நினைவுச் செல்களாகத் தங்கிவிடுகின்றன. அதே மருந்து மீண்டும் உடலுக்குள் வந்ததும் அவை விழித்து, சுற்றியுள்ள தோல் செல்களைக் கொல்லும் புரதங்களைச் சுரக்கின்றன. அழிந்த செல்களின் நிறமி கீழ்த்தோலுக்குள் இறங்குவதால்தான் கருமை பல மாதங்கள் போகாமல் நிற்கிறது. ரத்தத்தில் ஐஜிஇயை எத்தனை முறை அளந்தாலும் தோலில் தங்கியிருக்கும் இந்தச் செல்கள் அதில் தென்படப் போவதில்லை. மருந்தை ஒட்டிப் பார்க்கும் பேட்ச் பரிசோதனையைக்கூட இந்த நோய்க்குப் பழைய திட்டின் மேலேயே செய்ய வேண்டும் என்றும், நல்ல தோலில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது என்றும் அவர் விளக்கினார்.

ரத்தப் பரிசோதனை எதுவுமே உதவாது என்று நான் சொல்லவில்லை. வலிப்புக்குத் தரப்படும் கார்பமசிபினால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்கும் ஹெச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகைக்கும் உள்ள தொடர்பு 2004-இல் தைவானில் கண்டறியப்பட்டது. அந்த மருந்தைத் தொடங்கும் முன் அதைப் பார்ப்பதில் பொருள் இருக்கிறது. அதுவும் டி செல்களின் வேலைதான். ஆனால் 'பேக்கேஜ்' அறிக்கையில் அது இருக்கவில்லை.

ஆகவே மருந்து சாப்பிட்ட பின் தோலில் ஏதேனும் தோன்றினால், மாத்திரை அட்டையைத் தூக்கி எறியாமல், நிறுவனம் வைத்த வணிகப் பெயரை விட்டுவிட்டு உள்ளிருக்கும் மருந்துகளின் பெயர்களைக் குறித்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஒரே கூட்டு மருந்து பல பெயர்களில் விற்கப்படுகிறது. காய்ச்சலோடு வாயிலும் கண்ணிலும் புண், தொட்டாலே தோல் வலி, கொப்புளம் ஆகியவை வந்தால் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பரிசோதனை சரியாகத்தான் செய்யப்பட்டது என்று அந்தக் கூடத்தார் எழுத்திலேயே பதில் தந்தார்கள். ஐஜிஇயை அவர்கள் சரியாக அளந்தார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அதை வைத்து எந்த அடிப்படையில் மாத்திரையைச் சாப்பிடச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு மட்டும் இதுவரை பதில் இல்லை. அதே பேக்கேஜை இன்னொரு முறை பாதி விலையில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.