பாம்புத் தொட்டிக்குள் காபிக் கட்டையும் பலா இலையும்: சில வருட அனுபவம்

சேலத்தில் வீட்டில் ஒரு பால் பைத்தான் (ball python, மலைப்பாம்பில் ஒரு வகை) வளர்த்து வருகிறேன். அதன் கண்ணாடித் தொட்டிக்குள் கிடக்கும் கிளை, சருகு, கல், அடியில் பரப்பிய தென்னை நார்க்கழிவு எல்லாமே இந்த வட்டாரத்துப் பொருட்கள்தான். சில வருடங்களாக இப்படியே ஓடுவதால் எது நின்று உழைத்தது, எது சீக்கிரம் கெட்டது என்று இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: கொதிநீரும் வெயிலும் உயிருள்ளவற்றைத்தான் கொல்லும், பூச்சிமருந்தை முழுதாகப் போக்கிவிடாது. கட்டையை எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிக்கும் முன்பே, அது எந்தத் தோட்டத்தில் நின்றது, அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். சாரை, மண்ணுளி போன்ற நம் ஊர்ப் பாம்புகளை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தான் ஆப்பிரிக்க இனம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அதையும் அரசிடம் பதிவு செய்துதான் வளர்க்க வேண்டும். கட்டை விஷயமும் அப்படியே. ஏற்காட்டுக் காப்புக்காட்டில் சுள்ளி பொறுக்கக்கூடாது. பட்டா நிலத்தில், உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது காபிக் கட்டை. ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் வயதான செடிகளை வெட்டும்போது கிடைக்கும். கனமான, நெருக்கமான மரம். பாம்பு சுற்றிக்கொள்ள வசதியாக வளைந்து நெளிந்து இருக்கும். ஆனால் காபிக்கு மருந்து அடிக்காத தோட்டம் குறைவு. இலைத்துரு நோய்க்கு மழைக்கு முன் போர்டோ கலவை தெளிப்பார்கள். அதில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் இருக்கும். தண்டுத் துளைப்பான் வண்டுக்குத் தண்டிலேயே தனியாக மருந்து போடுவார்கள். நமக்கு வேண்டியதும் அந்தத் தண்டுதானே! ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரியிடம், “அண்ணா, இந்தச் செடிக்குத் தண்டு மருந்து போட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன். “இந்தப் பக்கம் போட்டதுங்க தம்பி. வீட்டுக்குப் பக்கத்துல நாலு செடி சும்மா நிக்குது, அதுல எடுத்துக்குங்க” என்றார். இன்றுவரை தொட்டியில் இருப்பது அந்தக் கட்டைதான்.

துளைப்பான் தாக்கிய தண்டைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். பட்டையின் மேல் மேடு தட்டி, வரி வரியாக ஓடியிருக்கும். குறுக்கே அறுத்தால் உள்ளே வளை இருக்கும், அதை மரத்தூள் கெட்டியாக அடைத்திருக்கும். அப்படிப்பட்டதை இலவசமாகக் கொடுத்தாலும் எடுப்பதில்லை. உள்ளே புழு இருக்கலாம். கட்டையும் சீக்கிரம் உளுத்துவிடும்.

நல்ல கட்டை கிடைத்ததும் பட்டையை முழுவதும் உரித்துவிடுகிறேன். பூரான், தேள் குஞ்சு, எறும்பு முட்டை எல்லாம் பட்டைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, பெரிய அண்டாவில் போட்டு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவிடுகிறேன். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர். அண்டாவில் அடங்காத கிளையை ஒரு பாதி வேகவைத்து, அப்புறம் தலைகீழாகத் திருப்பி மறுபாதி. ஓவன் இருப்பவர்கள் 120 டிகிரி செல்சியஸில் வைத்து எடுக்கலாம். கட்டை தீப்பிடிக்கக்கூடியது என்பதால் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

பலர் அவசரப்படுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். வேகவைத்த கட்டை வெளியே காய்ந்தது போல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதை அப்படியே தொட்டிக்குள் வைத்தால் பஞ்சு போல் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். பால் பைத்தானுக்குக் காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் அளவுக்குத் தேவை என்பதால் பூஞ்சைக்கும் அது கொண்டாட்டம். என் வழி, சமையலறைத் தராசு. மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு, அவ்வப்போது எடை பார்ப்பேன். எடை இறங்குவது நின்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. சேலத்துச் சித்திரை வெயில் இதற்கு ஒரு வரம். ஐப்பசியில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

இலைச்சருகில் பலாவுக்கு ஈடில்லை. தடித்த தோல் மாதிரி இருப்பதால் மாதக்கணக்கில் உருக்குலையாது. நாட்டு வாதுமை இலை அகலமானது, பாம்பு அடியில் புகுந்துகொள்ளும், ஆனால் பலா அளவுக்குத் தாங்காது. கொய்யா சீக்கிரம் நொறுங்கிவிடும். மரத்திலிருந்து தானாக விழுந்து பழுப்பேறியதை மட்டும் எடுத்து, கால் மணி நேரம் கொதிக்கவைத்து, மொறுமொறுப்பாகக் காயவைக்கிறேன். சாலையோர இலை வேண்டாம்: வண்டிப் புகை, நாய் மூத்திரம், நகராட்சி மருந்து எல்லாம் படிந்திருக்கும். அரளி, எருக்கு, ஊமத்தை மூன்றும் நச்சு, பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். ஏற்காட்டில் எங்கு பார்த்தாலும் நிற்கும் சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பு உண்டாக்கும். அதனால் அதையும் நான் எடுப்பதில்லை. பைன் போன்ற பிசின் மரங்களும் கூடாது.

தென்னை நார்க்கழிவு வாங்கும்போது பையைத் திருப்பிப் படியுங்கள். தோட்டத்துக்கென்று விற்பதில் யூரியாவும் காளான் வித்தும் போட்டு மட்கவைத்த வகை உண்டு. வேப்பம்பிண்ணாக்கு கலந்ததும் உண்டு. எதுவும் கலக்காத கட்டியாக வாங்கி, உப்பு போக இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள். கையில் பிடித்து இறுக்கினால் கெட்டியாகச் சேர வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டும் ஈரத்தில் பாம்பு படுத்தால் வயிற்றுச் செதில் புண்ணாகிவிடும். கோடையில் அது புழுதியாகக் காய்ந்துவிடும் என்பதால் ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் ஊற்றி ஈரம் ஏற்றுகிறேன்.

கல்லைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. சாயக்கழிவும் சாக்கடையும் கலக்கும் திருமணிமுத்தாற்றுக் கல் வேண்டாம். மற்ற கல்லைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தால் போதும். ஈரக் கல்லை அடுப்பிலோ ஓவனிலோ சுடாதீர்கள், உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடிக்கலாம். கனமான கல்லை நார்க்கழிவின் மேல் வைக்காமல் கண்ணாடித் தரையிலேயே பதியவைத்து, அப்புறம் சுற்றி நிரப்புங்கள். மேலே வைத்தால், பாம்பு அடியில் தோண்டிப் போகும்போது கல் சாய்ந்து நசுக்கிவிடும்.

கட்டையில் எச்சம் பட்டால் சுரண்டி எடுத்து, கொதிநீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காயவைத்தாலே போதுமானது. வீட்டில் தரை துடைக்கும் பினாயிலை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பீனால் வகை கிருமிநாசினிகள் பாம்புக்கு விஷம், கட்டை அதை உறிஞ்சியும் வைத்துக்கொள்ளும். அந்துருண்டையும் அப்படித்தான். பாம்பின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், கட்டையைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதில்லை. கட்டை வேகவைத்த அண்டாவில் அதன்பின் சோறு வடிப்பதும் இல்லை. பழைய பாத்திரக் கடையில் அதற்கென்றே ஓர் அலுமினிய அண்டா வாங்கி, மாடிப்படிக்கு அடியில் தனியாக வைத்திருக்கிறேன்.