சுடர் சோதனைப் பெட்டி: உப்பு சரி, கம்பிதான் தகராறு

உப்பைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி, வரும் நிறத்தை வைத்து அதிலுள்ள உலோகத்தைக் கண்டுபிடிப்பதுதான் சுடர் சோதனை. பிளஸ் ஒன், பிளஸ் டூ செய்முறைக்கென்று பாளையங்கோட்டைக் கடைகளில் கிடைக்கிற பெட்டி இது. லித்தியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம், தாமிரம் என ஏழு உப்புகள், குப்பிக்கு 10 கிராம். கூடவே ஒரு நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு விளக்கத் தாள்.

உப்பில் குறை சொல்ல இடமில்லை. ஏழையும் குளோரைடாகவே கொடுத்திருக்கிறார்கள். குளோரைடுதான் சுடரில் சுலபமாக ஆவியாகும், ஆவியானால்தான் நிறம். பேரியம் சல்பேட்டைப் போட்டிருந்தால் கம்பியில் வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே தவிர, பச்சை லேசில் வராது. மூடிகள் மட்டும் தளர்வு. லித்தியம், கால்சியம் குளோரைடுகள் காற்றின் ஈரத்தை இழுப்பவை. சாரல் காலத்தில் அப்படியே விட்டால் உள்ளே கூழ்தான். மூடிமேல் டேப் சுற்றி வையுங்கள்.

கம்பி எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிறது. விரல் பட்டாலும் போச்சு: வியர்வையிலுள்ள சோடியத்தின் மஞ்சள் மற்ற எல்லா நிறத்தையும் அமுக்கிவிடும். நம்மூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். நுனியை 3 மி.மீ. வளையமாக மடக்கி, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் முக்கிச் சுடரில் காட்டுங்கள். நிறம் வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்ப. பிறகு வாட்ச் கிளாஸில் (குழிவான சிறு கண்ணாடித் தட்டு) ஒரு சிட்டிகை உப்பை இரண்டு சொட்டு அமிலத்தில் குழைத்துத் தொட்டெடுங்கள். அமிலம் பெட்டியில் இல்லை, இருக்கவும் கூடாது; பள்ளி ஆய்வகத்தில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யவேண்டிய வேலை.

ஸ்பிரிட் விளக்கை ஒதுக்கிவிடலாம். சூடு போதாது, சுடரிலேயே மஞ்சள் இருக்கிறது. காற்றுத்துளையை முழுக்கத் திறந்த பன்சன் பர்னரின் (ஆய்வக எரிவாயு அடுப்பு) நீலச் சுடரில், ஓரமாகப் பிடித்தால் செங்கல் சிவப்பும் (கால்சியம்) ஆப்பிள் பச்சையும் (பேரியம்) தெளிவாக வரும். கால்சியம் சட்டென மங்கிவிடும், கண்ணெடுக்காதீர்கள். பொட்டாசியத்தின் இளம் ஊதாவுக்கு கோபால்ட் நீலக் கண்ணாடி வேண்டும். மஞ்சளை அதுதான் தடுக்கும். பெட்டியில் அது இல்லாதது பெரிய குறை.

விளக்கத் தாளைக் கிழித்தே போடலாம். 'உலோகம் எரிவதால் நிறம்' என்று அச்சடித்திருக்கிறார்கள். இங்கே உலோகம் எரிவதில்லை. சுடரின் வெப்பத்தில் அணுவின் எலக்ட்ரான் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவி, இறங்கும்போது அந்த இடைவெளி ஆற்றலை ஒளியாக விடுகிறது. இடைவெளி தனிமத்துக்குத் தனிமம் வேறு, அதனால் நிறமும் வேறு. ஒளியின் அலைநீளம் சோடியத்துக்கு 589 நானோமீட்டர், லித்தியத்துக்கு 671. கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியத்தில் சுடருக்குள் உருவாகும் ஹைட்ராக்சைடு, குளோரைடு மூலக்கூறுகளே பெரும்பாலும் ஒளிர்கின்றன. மக்னீசியம் நாடா வெள்ளையாக எரிவது தனிக் கதை: அங்கே நிஜமாகவே எரிகிறது, பழுத்த ஆக்சைடுத் துகள்கள் ஒளிர்கின்றன. மக்னீசியம் உப்பைச் சுடரில் காட்டினால் நிறமே வராது.

ஏற்கெனவே பர்னரும் நீலக் கண்ணாடியும் இருக்கிற பள்ளிக்கு வாங்கலாம். வீட்டில் வைத்துச் செய்ய வாங்காதீர்கள். பேரியம் குளோரைடு விஷம். குப்பியில் அந்த எச்சரிக்கைகூட ஒட்டவில்லை. கால்சியம் குப்பி தீர்ந்தால் புதுப் பெட்டி தேடவேண்டாம், தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் துணுக்கு ஒன்றை அமிலத்தில் கரைத்துக்கொண்டால் அதே செங்கல் சிவப்பு வரும்.