எவ்ரிதிங்: டிடிபி கடைக் கணினிக்கு உதவுமா?

"அக்காவுக்கு அடிச்ச கல்யாணப் பத்திரிகை மாதிரியே தங்கச்சிக்கும் வேணும்ண்ணா" என்று வாடிக்கையாளர் வந்து நிற்பார். பெங்களூரு சுல்தான்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் தமிழ் டிடிபி (அச்சுக்குக் கணினியில் பக்கம் வடிவமைப்பது) செய்பவர்களுக்கு இது பழகிய வசனம். பழைய வேலைகள் பெரும்பாலும் டி டிரைவில் கிடக்கும். விண்டோஸ் தேடலோ, அமைப்பை மாற்றாதவரை, டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், டெஸ்க்டாப் ஆகியவற்றைத்தான் முன்கூட்டியே பட்டியலிட்டு வைக்கும். மற்ற இடங்களில் ஃபோல்டர் ஃபோல்டராக நுழைந்து தேடும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

வாய்ட்டூல்ஸ் தரும் எவ்ரிதிங், கோப்புகளைப் பெயரால் தேடித் தரும் இலவச மென்பொருள். என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டு அமைப்பு) டிரைவின் கோப்பு அட்டவணையை அப்படியே படித்துக்கொள்வதால், 10 லட்சம் கோப்புகளுக்கும் சுமார் ஒரு நிமிடமும் 75 எம்பி நினைவகமும் போதும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். அதன்பின் தட்டத் தட்ட முடிவுகள் வந்து விழும். நிறுவும்போது 'எவ்ரிதிங் சர்வீஸ்' கட்டத்தில் டிக் இருக்கட்டும்; இல்லாவிட்டால் அட்மின் அனுமதி கேட்டுத் தொந்தரவு செய்யும். வேறு அமைப்பான எஃப்ஏடி32-இல் உள்ள பென்டிரைவை டூல்ஸ், ஆப்ஷன்ஸ், இன்டெக்ஸஸ், ஃபோல்டர்ஸ் வழியே நாம்தான் சேர்க்க வேண்டும்.

தமிழுக்கு இதன் பெரிய பலம் நடுவிலிருந்து தேடுவது. 'திருமணஅழைப்பிதழ்' என்று சேர்த்தெழுதிய பெயரை 'அழைப்பிதழ்' என்று தட்டினாலே பிடித்துவிடும். விண்டோஸ் இன்டெக்ஸ் சொல்லின் தொடக்கத்தைப் பார்ப்பதால் அது இந்தப் பெயரைக் கோட்டைவிடும்.

ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு ஒன்றல்ல. 'சௌந்தர்யா'வை ஒருவர் ஔகாரக் குறியோடு அடித்திருப்பார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பும் ள-வும் போட்டு 'செளந்தர்யா' ஆக்கியிருப்பார். ஒன்றைத் தேடினால் மற்றது வராது. ஸ்ரீ இன்னும் மோசம்: ஸ-வில் அடித்த 'ஸ்ரீ'யும் ஶ-வில் அடித்த 'ஶ்ரீ'யும் பல எழுத்துருக்களில் அச்சு அசலாக ஒன்றே. இரண்டு வடிவங்களையும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டுத் தேடுங்கள். அந்தக் கோடுதான் 'அல்லது'. அதைவிடச் சுலபம், வம்புள்ள எழுத்தை விட்டுவிட்டு 'ந்தர்யா' என்று மட்டும் தட்டுவது.

கோப்புக்குள் இருக்கும் வாசகத்தை இதில் தேட நினைக்காதீர்கள். கன்டென்ட் கட்டளை உண்டு. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து படிப்பதால் ஆமை வேகம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'வணக்கம்' உள்ளே டி, இசட், எஃப், அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளாகத்தான் தொடங்கும். யூனிகோடில் தேடினால் எந்தக் கருவியும் கைவிரிக்கும். கர்வ்ஸாக மாற்றிய கோரல்டிரா (வடிவமைப்பு மென்பொருள்) கோப்பிலோ எழுத்தே கிடையாது, வெறும் வளைகோடுகள். ஆக இந்தத் தொழிலில் கோப்பின் பெயரை விட்டால் வேறு பிடி இல்லை, அந்தப் பெயரைத் தேட இதைவிட வேகமான கருவியும் தேவையில்லை.

ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பூட்டி வைத்த ஃபோல்டர்களின் கோப்புப் பெயர்களையும் இது காட்டிவிடும். கடைக் கணினியிலேயே வீட்டுக் கணக்கையும் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன்ஸில் எக்ஸ்க்ளூட் பகுதிக்குப் போய் அந்த ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள்.