சுகருக்குத் தெரு டாக்டரா, வேலூர் பெரிய ஆஸ்பத்திரியா?

குடியாத்தத்தில் சுகர் வந்த எவரைக் கேட்டாலும் இந்தக் குழப்பம்தான். அம்மாவுக்காக இரண்டு இடத்துக்கும் பன்னிரண்டு வருடமாக அலைகிறேன்.

செலவு: தெரு டாக்டருக்கு ஃபீஸ், மாத்திரை, அவ்வளவுதான்.
வேலூர் பெரிய ஆஸ்பத்திரி, அதாவது சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) என்றால் பஸ், சாப்பாடு, கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் சேரும்.

நேரம்: இங்கே அரை மணி.
அங்கே வெறும் வயிற்றில் ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். பொழுதே போய்விடும்.

பரிசோதனை: இதில் பேச்சே இல்லை. 1900-ல் அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடத்தில் இன்று கண், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் துறை.

நம்பிக்கை: மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு மாதத்தை ஓட்டியதை அம்மா என்னிடமே சொல்லவில்லை. தெரு டாக்டரிடம் சொன்னார். அவர் திட்டவில்லை, "ஏம்மா, காசா, மயக்கமா?" என்றார். காசுதான். விலை குறைந்த மாத்திரைக்கு மாற்றினார். பெரிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு முகம். அம்மாவுக்கு வாய் வராது. அதற்குத்தான் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு: தேதி, சுகர் அளவு, விட்டுப்போன வேளை. உடைத்த மாத்திரையும் அதில் உண்டு.

மாதாமாதம் பார்க்கத் தெரு டாக்டர் போதும். வருடாந்திர கண், சிறுநீரகப் பரிசோதனைக்கும் ஆறாத கால் புண்ணுக்கும் வேலூர் பஸ் ஏறுங்கள், நோட்டோடு.